லினக்ஸ்ல பிரவுசர் பிளக்இன் ஏறலையா? ஸ்க்ரீன்ல என்ன தெரியுதோ அங்கேர்ந்து ஆரம்பிங்க

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டுலயும் சின்ன சின்ன ஆபீஸ்லயும் பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்துட்டு இருக்கேன். போட்டுக் கொடுத்து ரெண்டு வாரம் ஆனா ஃபோன் வரும், "தம்பி, பிளக்இன் ஏற மாட்டேங்குது". பிளக்இன், எக்ஸ்டென்ஷன், ஆட்ஆன்னு எந்தப் பேர் சொன்னாலும் அவங்க சொல்றது பிரவுசருக்குள்ள கூடுதலா ஏத்துற சின்ன புரோகிராமைத்தான். அந்த ஒரு வரிக்குள்ள பத்து விதமான கோளாறு ஒளிஞ்சிருக்கு, ஆனா இத்தனை மெஷின் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது என்னன்னா பெரும்பாலும் தப்பு பிளக்இன் மேல இருக்காது. கடிகாரம் தப்பா இருக்கும், இல்ல பிரவுசரை எந்த வழியா ஏத்துனாங்கங்கிறதுல இருக்கும், இல்ல புரொஃபைல் ஃபோல்டர், அதாவது பிரவுசர் உங்க புக்மார்க், பாஸ்வேர்ட், ஆட்ஆன் எல்லாத்தையும் வெச்சிருக்குற ஃபோல்டர், வேற ஆள் பேர்ல மாட்டிட்டு இருக்கும். அதனால பிளக்இன்னை நாலு தடவை எடுத்துட்டு திருப்பி போடுறதுல நேரத்தை விடாதீங்க.

கமாண்டை எல்லாம் ஃபோன்ல சொல்ற மாதிரியே எழுதிருக்கேன், நீங்க இங்கிலீஷ் சின்ன எழுத்துல டைப் பண்ணிக்கோங்க. மைனஸ்னா சின்ன கோடு, கோலன்னா ரெண்டு புள்ளி, டாட்னா ஒரு புள்ளி, ஸ்லாஷ்னா சாய்ஞ்ச கோடு. மைனஸுக்கு ரெண்டு பக்கமும் வார்த்தை இருந்தா எடம் விடாம ஒட்டி அடிங்க, ஒத்தை எழுத்துக்கு முன்னாடி வந்தா மைனஸுக்கு முன்னாடி ஒரு எடம் விடுங்க. சூடோன்னா எஸ் யு டி ஓ, அட்மின் அதிகாரத்தோட ஓட்டச் சொல்ற வார்த்தை, உங்க பாஸ்வேர்ட் கேக்கும்.

## எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல இந்த ரெண்டு

ஒண்ணு, மணியையும் தேதியையும் உங்க ஃபோனோட ஒப்பிட்டுப் பாருங்க. வருஷத்தையும் சேத்துப் பாருங்க, மணி சரியா இருந்து வருஷம் தப்பா இருந்த மெஷினும் பாத்திருக்கேன்.

ரெண்டாவது, ஃபயர்ஃபாக்ஸ் அட்ரஸ் பார்ல 'அபௌட் கோலன் சப்போர்ட்'னு அடிச்சு என்டர் தட்டுங்க. அதுல புரொஃபைல் டைரக்டரின்னு ஒரு வரி இருக்கும். லினக்ஸ்ல ஒரே பிரவுசரை ஸ்னாப், ஃப்ளாட்பேக், டெப்னு வேற வேற விதமான பேக்கேஜா ஏத்தலாம், உங்களுது எதுன்னு அந்த வரில தெரியும். அந்தப் பாதைல 'ஸ்னாப்'னு வந்தா உங்க பிரவுசர் ஸ்னாப், 'டாட் வார் ஸ்லாஷ் ஆப்'னு வந்தா ஃப்ளாட்பேக், ரெண்டும் இல்லன்னா பெரும்பாலும் டெப் பேக்கேஜ் இல்லன்னா நேரா இறக்குன டார் ஃபைல். அதே பக்கத்துல வெர்ஷன் நம்பரும் இருக்கும், ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, கீழ திரும்பத் திரும்ப கேப்பேன். உபுண்டு 22.04லேர்ந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாதான் வருது, குரோமியம் அதுக்கும் முன்னாடி 19.10லயே ஸ்னாப் ஆயிடுச்சு. லினக்ஸ் மின்ட்ல ரெண்டுமே டெப்.

## இன்ஸ்டால் பட்டனே வரல, இல்லன்னா அமுக்கினா ஒண்ணும் நடக்கல

கடை மாறிப் போச்சான்னு பாருங்க. ஃபயர்ஃபாக்ஸ்ல உக்காந்து குரோம் வெப் ஸ்டோரைத் திறந்தா ஏத்த விடாது, குரோமியத்துல உக்காந்து, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்குற மொஸில்லாவோட ஆட்ஆன்ஸ் பக்கத்துக்குப் போனா 'ஃபயர்ஃபாக்ஸை டவுன்லோட் பண்ணுங்க'ன்னுதான் பட்டன் வரும். கூகுள்ல தேடி வர்ற மொத லிங்க்கை அமுக்குறவங்களுக்கு இது அடிக்கடி நடக்குது, ஏன்னா ரெண்டு கடைலயும் அதே பேர்ல எக்ஸ்டென்ஷன் இருக்கும்.

குரோம்னா கெஸ்ட் விண்டோல இருக்கீங்களான்னு பாருங்க, கெஸ்ட்ல எக்ஸ்டென்ஷன் ஏறாது.

இதெல்லாம் சரியா இருந்து பட்டன் மங்கலா இருந்தா, இல்ல 'உங்க நிறுவனம் நிர்வகிக்கிறது'ங்கிற மாதிரி செட்டிங்ஸ்ல ஒரு வரி தெரிஞ்சா, பாலிசி, அதாவது மெஷினை நிர்வகிக்கிறவங்க போடுற கட்டுப்பாடு, போட்டு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஃபயர்ஃபாக்ஸ்ல 'அபௌட் கோலன் பாலிசீஸ்', குரோம்ல 'குரோம் கோலன் ஸ்லாஷ் ஸ்லாஷ் பாலிசி' திறந்து பாருங்க. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்னா அதோட நிறுத்திக்கோங்க, ஐடி ஆளுங்ககிட்ட கேட்டு அவங்க திறந்து விடட்டும், நீங்களா அந்த ஃபைலை அழிச்சா வேலைக்கே பிரச்சனை ஆகலாம். ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டா வாங்குன சொந்த மெஷின்ல இப்படி இருந்தா பழைய ஓனரோட இன்ஸ்டலேஷன் அப்படியே இருக்குன்னு அர்த்தம், பாலிசியை மட்டும் எடுத்துட்டு ஓட்டாதீங்க, வேற என்னென்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், புதுசா ஓஎஸ் போட்டுருங்க.

## 'டவுன்லோட் பண்ண முடியல, கனெக்ஷன் ஃபெயிலியர்'னு வருது

ஃபோன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதே எக்ஸ்டென்ஷனை ஏத்திப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை, பாதிக் கேள்விக்கு இதுலயே பதில் கிடைச்சுடும்.

ஹாட்ஸ்பாட்ல ஏறுதா? அப்போ கோளாறு உங்க நெட்ல. காலேஜ் ஹாஸ்டல், மேன்ஷன் வைஃபைல எல்லாம் லாகின் பக்கம் ஒண்ணு வரும், அதுல செஷன் முடிஞ்சு போயிருக்கும், திருப்பி லாகின் பண்ணுங்க. 

ஹாட்ஸ்பாட்லயும் ஏறலையா? செட்டிங்ஸ்ல நெட்வொர்க்ல பழைய புராக்ஸி (நெட்டுக்கு நடுவுல நிக்கிற சர்வர்) அட்ரஸ் கெடக்கான்னு பாருங்க, காலேஜ்ல போட்ட புராக்ஸியை எடுக்காம வீட்டுக்கு வந்து 'நெட்டே சரியில்ல'ன்னு சொல்ற பசங்க நிறைய. அது இல்லன்னா பெரும்பாலும் கடிகாரம்தான். டெர்மினல்ல, அதாவது கமாண்டு அடிக்கிற விண்டோல, 'டைம்டேட்சிடிஎல்'னு அடிங்க, அதாவது டைம், டேட், அப்புறம் சி டி எல், எல்லாம் ஒட்டி ஒரே வார்த்தையா. 'சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு' வரில 'நோ'ன்னு இருந்தா 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட் மைனஸ் என்டிபி ட்ரூ' அடிங்க, நெட் இருந்தா கொஞ்ச நேரத்துல தானா சரியாகும். மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்றப்போ எல்லாம் தேதி பின்னாடி போகுதுன்னா மதர்போர்டுல இருக்குற பட்டன் பேட்டரி போயிடுச்சு, சிஆர் 2032ன்னு கேளுங்க, 50, 100 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். டெஸ்க்டாப்னா பவர் ப்ளக்கைப் பிடுங்கிட்டு நீங்களே மாத்தலாம். லேப்டாப்ல அந்த பேட்டரி ஒயரோட உள்ள எங்கயோ இருக்கும், கடைல கொடுத்துருங்க.

விண்டோஸும் லினக்ஸும் சேத்து வெச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. விண்டோஸ்லேர்ந்து லினக்ஸுக்கு வந்தா கரெக்டா அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடும், லினக்ஸ்லேர்ந்து விண்டோஸுக்குப் போனா அஞ்சரை மணி பின்னாடி. பேட்டரி கெட்டுப் போகல, மெஷின் கடிகாரத்துல இருக்குறதை லினக்ஸ் கிரீன்விச் நேரம்னு நினைக்குது, விண்டோஸ் நம்ம ஊர் நேரம்னு நினைக்குது, அவ்ளோதான். 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட் மைனஸ் லோக்கல் மைனஸ் ஆர்டிசி 1' (கடைசில வர்றது நம்பர்) அடிச்சா ரெண்டும் ஒத்துப் போகும். அது நல்ல வழி இல்லன்னு சிஸ்டமே வார்னிங் காட்டும், வீட்டு மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சரை மணி வித்தியாசத்துல பெரும்பாலும் வெப்சைட் திறந்துடும், அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா ஆத்தென்டிகேட்டர் எக்ஸ்டென்ஷன் கொடுக்குற ஆறு நம்பர் மட்டும் எங்கயும் செல்லாது.

## 'கரப்ட் ஆயிருக்கு', 'வெரிஃபை ஆகல', இல்லன்னா இருந்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒரே நாள்ல ஆஃப் ஆயிடுச்சு

இந்த மூணுக்கும் வேர் ஒண்ணுதான், கையெழுத்து, அதாவது ஆட்ஆன் அசல்தான்னு மொஸில்லா போடுற டிஜிட்டல் முத்திரை. 2016ல ஃபயர்ஃபாக்ஸ் 48 வந்ததுலேர்ந்து மொஸில்லா கையெழுத்து போடாத ஆட்ஆனை சாதாரண ஃபயர்ஃபாக்ஸ் ஏத்திக்காது.

ஃபைலை வேற எங்கேர்ந்தாவது இறக்குனீங்களா? வாட்ஸ்ஆப்ல வந்தது, டிரைவ் லிங்க்ல வந்தது எதுவா இருந்தாலும் தூக்கிப் போட்டுட்டு மொஸில்லா பக்கத்துலேர்ந்து நேரா ஏத்துங்க. கையெழுத்து செக்கிங்கை ஆஃப் பண்ற செட்டிங் ஒண்ணு இருக்கு, ஈஎஸ்ஆர் (ஆபீஸ்களுக்காக விடுற நீண்ட கால வெர்ஷன்), டெவலப்பர் எடிஷன், நைட்லி இதுல மட்டும்தான் அது வேலை செய்யும், சாதாரண ஃபயர்ஃபாக்ஸ்ல மாத்தினாலும் கண்டுக்காது. சொந்தமா எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்களைத் தவிர யாரும் அதைத் தொட வேண்டாம்.

ஒழுங்கான எடத்துலேர்ந்து எடுத்தும் இப்படி வந்தா வெர்ஷன் நம்பரைப் பாருங்க. 128க்கு கீழயா, ஈஎஸ்ஆர்னா 115.13க்கு கீழயா? அப்போ காரணம் அதான். 2025 மார்ச் 14 அன்னிக்கு, அந்தக் கையெழுத்தைச் சரிபாக்க உதவுற மொஸில்லாவோட ஒரு ரூட் சர்டிஃபிகேட் காலாவதி ஆச்சு, பழைய வெர்ஷன்ல எல்லாம் ஆட்ஆன் செத்துப் போச்சு. அந்த வாரம் எனக்கு வந்த ஃபோன் கொஞ்சநஞ்சம் இல்ல, வைரஸ்னு பயந்து ஃபார்மட் பண்ணப் போனவங்களும் இருந்தாங்க. 2019 மே மாசமும் இதே மாதிரி ஒரு சர்டிஃபிகேட் காலாவதி ஆகி உலகம் பூரா ஆட்ஆன் நின்னுச்சு, அப்போ மொஸில்லா அவசரமா ஒரு அப்டேட் விட்டாங்க. இப்போ அப்டேட் பண்றது உங்க கைல.

அப்டேட் பண்ணப் போனா சில மெஷின்ல அப்டேட்டே வராது, அங்கதான் நெஜமான வேலை ஆரம்பிக்குது. தமிழ்நாடு அரசு 2011லேர்ந்து மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் இன்னும் எத்தனையோ வீட்டுல ஓடிட்டு இருக்கு, அதுல பாஸ் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாங்க, நம்ம சென்னைல மத்திய அரசோட சி-டாக் நிறுவனத்துல, டெபியன்ங்கிற லினக்ஸை வெச்சு உருவாக்குனது. அந்த லேப்டாப்ல இன்னிக்கும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பசங்க இருக்காங்க, அவங்க கஷ்டப்பட்டு வெச்சிருக்க மெஷினை 'இது தேறாது'ன்னு சொல்ல எனக்கு மனசு வராது. சொல்லவும் தேவையில்ல. அதுல இருக்குற ஓஎஸ்க்கு அப்டேட் நின்னு ரொம்ப நாளாச்சு, அவ்ளோதான் விஷயம்.

'எல்எஸ்சிபியு'ன்னு அடிச்சுப் பாருங்க, சிபியு ஆப் மோட்ஸ்னு ஒரு வரி வரும். அதுல 64 பிட்னு இருந்தா, இப்போ ஓடுறது 32 பிட் ஓஎஸா இருந்தாலும் கவலை இல்ல, பழைய மெஷினுக்கு ஏத்த லேசான 64 பிட் மின்ட் எக்ஸ்எஃப்சிஇயோ டெபியனோட எல்எக்ஸ்க்யூடியோ போட்டா பிரவுசர் புதுசாயிடும். 2 ஜிபி ரேம்னா 4 ஜிபி ஆக்க முடியுமான்னு கடைல கேளுங்க, அதுவும் ஒரு சாதா எஸ்எஸ்டியும் போட்டா நல்லாவே ஓடும். 32 பிட் மட்டும்தான்னு வந்தா வழி குறுகிடுச்சு, குரோம் 2016லயே 32 பிட் லினக்ஸை விட்டுருச்சு, ஃபயர்ஃபாக்ஸும் 145லேர்ந்து விட்டாச்சு. அந்த மெஷினுக்கு இதுக்கு மேல காசு போடாதீங்க.

ஓஎஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஃபோட்டோ, டாக்குமென்ட், பிரவுசர் புரொஃபைல் மூணையும் பென்டிரைவ்ல எடுத்துருங்க. பார்ட்டிஷன்னா என்னன்னு தெரியலன்னா தெரிஞ்ச ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்யுங்க.

## ஏறுது, ஆனா மூடித் திறந்தா காணோம்

இல்லன்னா 'தேவையான ஃபைலை ஃபயர்ஃபாக்ஸால மாத்த முடியல'ங்கிற மாதிரி வருது. ரெண்டும் ஒண்ணுதான், பிரவுசரால அதோட புரொஃபைல்ல எழுத முடியல.

'டிஎஃப் மைனஸ் எச்' அடிங்க. நூறு சதவீதம்னு எங்கயாவது காட்டுதா? மின்ட் வெச்சிருக்கவங்களுக்கு பெரும்பாலும் டைம்ஷிஃப்ட்ங்கிற சிஸ்டம் பேக்அப் புரோகிராம்தான் காரணம், சின்ன டிஸ்க்ல தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து எடுத்து நிரப்பி வெச்சிருக்கும், அதைத் திறந்து பழசை அழிச்சுட்டு வாரம் ஒண்ணு போதும்னு மாத்துங்க. 'சூடோ ஆப்ட் க்ளீன்' போட்டாலும் கொஞ்சம் எடம் கிடைக்கும்.

எடம் இருக்குன்னா ஓனர்ஷிப் பாருங்க. சப்போர்ட் பக்கத்துல புரொஃபைல் டைரக்டரிக்குப் பக்கத்துலயே ஓபன் பட்டன் இருக்கும், அமுக்கினா ஃபோல்டர் திறக்கும், அதுல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ். ஓனர்னு உங்க பேருக்குப் பதிலா 'ரூட்' (சிஸ்டத்தோட அட்மின்) இருந்தா பிடிச்சாச்சு. முன்னெல்லாம் சூடோ போட்டு ஃபயர்ஃபாக்ஸைத் திறந்ததால இது வரும், இப்போ புது ஃபயர்ஃபாக்ஸ் அப்படித் திறக்கவே மாட்டேன்னு சொல்லிடும். இப்போ எனக்கு வர்ற கேஸ் எல்லாம் பழைய புரொஃபைல் பேக்அப்பை சூடோ போட்டு காப்பி பண்ணதால வர்றது. சரி பண்ண, பிரவுசரை மூடிட்டு 'சூடோ சோன் மைனஸ் ஆர்'னு ஆரம்பிங்க, சோன்ங்கிறது சி எச் ஓ டபிள்யூ என், ஆர் மட்டும் பெரிய எழுத்து, அப்புறம் உங்க யூசர் பேர், ஒரு கோலன், திருப்பி யூசர் பேர், ஒரு எடம் விட்டு அந்த புரொஃபைல் ஃபோல்டரோட முழுப் பாதை. பாதையை ரெண்டு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க. வெறும் ஸ்லாஷ் மட்டும் போட்டு தட்டிட்டா மொத்த சிஸ்டத்தோட ஓனரும் மாறிடும், அப்புறம் திருப்பி இன்ஸ்டால் பண்றதைத் தவிர வழி இல்ல.

ஓனரும் சரின்னா 'அபௌட் கோலன் புரொஃபைல்ஸ்' போய் புதுசா ஒரு புரொஃபைல் உருவாக்கி அதுல ஏத்திப் பாருங்க. அதுல நின்னா பழைய புரொஃபைல்ல ஏதோ ஃபைல் கெட்டிருக்கு, பிரவுசரை மூடிட்டு பழைய புரொஃபைல்ல இருக்குற 'எக்ஸ்டென்ஷன்ஸ் டாட் ஜேசன்' ஃபைலுக்கு வேற பேர் வெச்சுட்டுத் திறங்க, தானா புதுசா உருவாக்கிக்கும்.

புது புரொஃபைல்லயும் நிக்கல, கூடவே வேற சாஃப்ட்வேர்லயும் சேவ் பண்ண முடியல, 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்'னு எங்கயாவது வார்த்தை தெரியுது, அப்போ டிஸ்க் சாகப் போகுதோன்னு சந்தேகப்படணும். 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' (டி எம் இ எஸ் ஜி, ஒட்டி ஒரே வார்த்தையா) அடிச்சு 'ஐஓ எரர்'னு வரிசையா வருதான்னு பாருங்க. வந்தா அதோட எல்லாத்தையும் நிறுத்துங்க. ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பாக்காதீங்க, முக்கியமான ஃபைலை உடனே வெளி டிஸ்க்ல எடுங்க, எடுக்க முடியலன்னா மெஷினை ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெகவரி பண்றவங்ககிட்ட கொண்டு போங்க. ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டுல ஆட் பிளாக்கர் நிக்க மாட்டேங்குதுன்னுதான் கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா டிஸ்க், பேரன் ஃபோட்டோ எல்லாம் அன்னிக்கே எடுத்ததால தப்பிச்சுது.

## ஏறியிருக்கு, ஆனா வேலை செய்யல

பாதி நேரம் ஐகான் கண்ணுல படாததுதான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் இப்போ ஜிக்சா துண்டு மாதிரி ஒரு பட்டனுக்குள்ள எல்லாம் ஒளிஞ்சிருக்கு, அதை அமுக்கி பின் பண்ணுங்க. பிரைவேட் விண்டோல வேலை செய்யலன்னா ஆட்ஆன் செட்டிங்ஸ்ல பிரைவேட் விண்டோவுக்கு அலவ் பண்ணணும், தானா ஆகாது. ஒரு குறிப்பிட்ட சைட்ல மட்டும் தூங்குதுன்னா அதே ஜிக்சா பட்டன்ல அந்த சைட்டுக்கு அனுமதி கொடுங்க.

தமிழ் டைப் பண்ற எக்ஸ்டென்ஷன் சில கட்டத்துல வேலை செய்யலன்னு கேக்குறவங்களுக்கு என் அபிப்பிராயம், எக்ஸ்டென்ஷனே வேண்டாம். ஐபஸ் எம்17என் பேக்கேஜைப் போட்டு கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ்99 சேத்துக்கோங்க, பிரவுசர், லிப்ரே ஆபீஸ், டெர்மினல் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி வரும், நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாத்துட்டும் இருக்காது.

## குரோம்ல 'இந்த எக்ஸ்டென்ஷனுக்கு சப்போர்ட் இல்ல'ன்னு ஆஃப் ஆயிடுச்சு

இதை உங்களால சரி பண்ண முடியாது. மேனிஃபெஸ்ட் 2ங்கிற பழைய முறைல எழுதுன எக்ஸ்டென்ஷனை எல்லாம் குரோம் 2024லேர்ந்து படிப்படியா நிறுத்தி 2025ல மூடிட்டாங்க. யூபிளாக் ஆரிஜின் போனது இதாலதான். குரோம்லயே இருக்கணும்னா யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்க, முழுசு வேணும்னா ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுங்க, அங்க இன்னும் ஓடுது. அதே பேர் மாதிரியே லோகோவோட கடைல நிக்கிற வேற எதையும் ஏத்திடாதீங்க.

## எக்ஸ்டென்ஷன் இருக்கு, ஆனா கம்ப்யூட்டர்ல இருக்குற புரோகிராமோட பேச மாட்டேங்குது

உபுண்டுக்காரங்களோட பெரிய தலைவலி இது. பாஸ்வேர்ட் மேனேஜர் கீபாஸ்எக்ஸ்சி திறந்திருக்கும், பிரவுசர்ல அதோட எக்ஸ்டென்ஷனும் இருக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தெரியாத மாதிரி நிக்கும். இல்லன்னா உபுண்டுவோட டெஸ்க்டாப்பான க்னோமுக்கு இருக்குற எக்ஸ்டென்ஷன் பக்கத்துல 'நேட்டிவ் ஹோஸ்ட் கனெக்டர் இல்ல'ன்னு வரும்.

மொதல்ல அந்தப் பக்கத்து ஆள் இருக்காரான்னு பாருங்க. கீபாஸ்எக்ஸ்சில செட்டிங்ஸ் போய் பிரவுசர் இன்டக்ரேஷனை ஆன் பண்ணி உங்க பிரவுசருக்கு டிக் போடணும். க்னோமுக்கு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் க்னோம் மைனஸ் பிரவுசர் மைனஸ் கனெக்டர்', பழைய வெர்ஷன்ல அதே சாமான் 'குரோம் மைனஸ் க்னோம் மைனஸ் ஷெல்'ங்கிற பேர்ல இருந்துச்சு. க்னோம் எக்ஸ்டென்ஷன் போடுறதுக்கு பிரவுசரே தேவையில்ல, எக்ஸ்டென்ஷன் மேனேஜர்னு தனி ஆப் இருக்கு, அதுலேர்ந்தே தேடி ஏத்தலாம், நான் எல்லாருக்கும் அதைத்தான் போட்டுக் கொடுக்குறேன்.

இதெல்லாம் பண்ணியும் பேசலன்னா நீங்க எழுதி வெச்ச பேப்பரைப் பாருங்க. ஸ்னாப்பா, ஃப்ளாட்பேக்கா? அப்போ பிரவுசர் ஒரு அடைச்ச ரூமுக்குள்ள இருக்கு, வெளிய இருக்குற புரோகிராமைக் கூப்பிட அதுக்கு வழி கிடைக்கல. சில புரோகிராமுக்கு இப்போ கதவு திறந்து விட்டிருக்காங்க, சிலதுக்கு இல்ல. ஒவ்வொண்ணா போராடுறதை விட டெப் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுறது சுலபம். மொஸில்லாவே 2024 ஜனவரிலேர்ந்து சொந்தமா ஆப்ட் ரெபாஸிட்டரி, அதாவது டெப் பேக்கேஜ் இறங்குற சர்வர், வெச்சிருக்காங்க.

மாறும்போது ரெண்டு எடத்துல எல்லாரும் வழுக்கி விழுறாங்க. ஒண்ணு, ஸ்னாப்பை ரிமூவ் பண்ணா புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் கூடவே போகும், அதனால ஹோம்ல ஸ்னாப், ஃபயர்ஃபாக்ஸ், காமன் அதுக்குள்ள இருக்குற 'டாட் மொஸில்லா' ஃபோல்டரை மொதல்ல வேற எடத்துல காப்பி எடுத்து வைங்க. சூடோ இல்லாம எடுங்க, இல்லன்னா மேல சொன்ன ரூட் பிரச்சனைக்குத் திரும்பி வருவீங்க. ரெண்டாவது, உபுண்டுல வெறுமனே 'ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்' அடிச்சா அது திருப்பி ஸ்னாப்பையே கொண்டு வந்து வெக்கும். மொஸில்லா ரெபாஸிட்டரிக்கு முன்னுரிமை 1000னு ஆப்ட் ப்ரிஃபரன்ஸஸ் ஃபோல்டர்ல ஒரு சின்ன ஃபைல் போட்டாதான் டெப் வரும், மொஸில்லாவோட இன்ஸ்டால் பக்கத்துல அந்த வரிகள் அப்படியே இருக்கு, காப்பி பண்ணிக்கலாம். எந்த கமாண்டும் பயமா இருந்தா இந்த ஒரு வேலைக்கு மட்டும் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க, அரை மணி நேர வேலை.

## படம் ஓடல, 'டிஆர்எம் ஆன் பண்ணுங்க'ன்னு கேக்குது

ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ்ல டிஆர்எம்னு தேடி டிக் போடுங்க, காப்பி பண்ண முடியாதபடி பூட்டுன படத்தைத் திறக்குற வைட்வைன் பிளக்இன் தானா இறங்கும். 'சீக்கிரம் இன்ஸ்டால் ஆகும்'னு சொல்லிட்டே மணிக்கணக்கா நின்னா நெட்டும் கடிகாரமும் மேல சொன்ன மாதிரி பாருங்க, அப்புறம் ஆட்ஆன்ஸ் பக்கத்துல கியர் பட்டன்ல அப்டேட் செக் பண்ணுங்க. குரோமியம்னா அதுல வைட்வைன் வர்றதில்ல, குரோம் போடுங்க. லினக்ஸ்ல 4கேல படம் வராததுக்கு உங்க மெஷின் காரணம் இல்ல, அந்தப் பாதுகாப்பு லெவல் லினக்ஸ் பிரவுசருக்குக் கொடுக்கல, அதுக்காக புது மெஷின் வாங்கிடாதீங்க.

## 'ஃப்ளாஷ் போடுங்க', 'ஜாவா பிளக்இன் வேணும்'னு சைட் கேக்குது

ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போச்சு. இன்னிக்கு ஒரு சைட் ஃப்ளாஷ் அப்டேட் கேட்டா அது திருட்டு, மூடிட்டு வெளிய வாங்க. ஜாவா ஆப்லெட்டும் அப்படித்தான், ஃபயர்ஃபாக்ஸ் 2017ல 52ஆவது வெர்ஷன்லயே ஃப்ளாஷைத் தவிர மத்த பழைய பிளக்இன்னை எல்லாம் நிறுத்தியாச்சு. பழைய பிரவுசரை எங்கேர்ந்தாவது தேடிப் பிடிச்சு போட்டு அதுல பேங்க் வேலையும் பாக்குறவங்களைப் பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம்.

## டிஎஸ்சி டோக்கன் தெரியல

டிஎஸ்சி டோக்கன்னா டிஜிட்டல் கையெழுத்து சர்டிஃபிகேட் இருக்குற யூஎஸ்பி. ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்தும் டெண்டர் போடுற கான்ட்ராக்டர்ங்ககிட்டேர்ந்தும் வர்ற கேஸ். இதுல அவசரம் நிஜம், ஜிஎஸ்டிஆர் 3பிங்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி கடைசின்னா 20ஆம் தேதி ராத்திரிதான் ஃபோன் வரும்.

டோக்கனை வேற யூஎஸ்பி ஓட்டைல, ஹப் இல்லாம நேரா குத்துங்க. 'எல்எஸ்யூஎஸ்பி' அடிச்சு புது வரி ஒண்ணு வருதான்னு பாருங்க, வரலன்னா டோக்கனோ போர்ட்டோ கெட்டிருக்கு, வேற மெஷின்ல குத்தி உறுதி பண்ணிக்கோங்க. வந்தா 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பிசிஎஸ்சிடி' அடிங்க (பி சி எஸ் சி டி, டோக்கனோட பேசுற சர்வீஸ்), அந்த சர்வீஸே இல்லன்னா 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிசிஎஸ்சிடி'. அடுத்து டோக்கன் கம்பெனியோட லினக்ஸ் டிரைவர், 64 பிட் தானான்னு பாத்து ஏத்துங்க. கடைசியா ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி டிவைசஸ் போய் லோட் அமுக்கி டிரைவர் கொண்டு வந்த 'டாட் எஸ்ஓ' ஃபைலைக் காட்டணும். ஸ்னாப் பிரவுசர்ல இந்த எடத்துலதான் முட்டி நிக்கும், அந்த ஃபைலே அதோட கண்ணுக்குத் தெரியாது, டெப்புக்கு மாறுங்க.

டோக்கன் பிரவுசர்ல தெரிஞ்சும் போர்ட்டல் கையெழுத்தை எடுத்துக்கலன்னா அந்த போர்ட்டல் கேக்குற சைனர் புரோகிராம் தனியா ஓடணும், அதுக்கு லினக்ஸ் வெர்ஷன் இருக்கான்னு போர்ட்டலோட டவுன்லோட் பக்கத்துல பாத்துக்கோங்க. இல்லன்னா போராடாதீங்க. நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்குற ஆபீஸ்ல எல்லாம் கையெழுத்துக்குன்னு ஒரு விண்டோஸ் மெஷினை ஓரமா வெச்சுக்கச் சொல்றேன், கடைசி நாள் ராத்திரி டிரைவர் தேடுற வேலை யாருக்கும் வேண்டாம்.

பாஸ்வேர்டை ஊகிச்சு ஊகிச்சு அடிக்காதீங்க, கொஞ்ச தடவை தப்பானா டோக்கன் லாக் ஆயிடும், அதை லினக்ஸ் தெரிஞ்சவங்களால திறக்க முடியாது. ரெண்டு தடவை தப்பாச்சுன்னா டோக்கன் வித்தவங்களைக் கூப்பிட்டு, மேல ஒட்டியிருக்குற மாடல் பேர், சர்டிஃபிகேட் எப்போ முடியுது, எல்எஸ்யூஎஸ்பில வந்த வரி, ஓஎஸ் வெர்ஷன் இந்த நாலையும் சொல்லுங்க. ஃபார்மட் பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா, உள்ள இருக்குற சர்டிஃபிகேட் அதோட போயிடுமான்னு கேட்டுட்டு அப்புறம் கொடுங்க.